இரண்டு கையால் ஒரு கப்பல்

அண்ணே,

நாம் பாதியில் விட்ட கப்பல் படத்தை இன்று காலை மறுவாழ்வு நிலையத்தில் வெளியே எடுத்தார்கள். தாள் நகராமல் இருக்க, பயிற்சியாளர் பெண் நான்கு மூலையிலும் டேப் ஒட்டினாள். டர்ரென்று டேப்பை இழுக்கும் அந்தச் சத்தம் கேட்டதும் எடுத்த தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கையைவிட டேப் நன்றாகத்தான் பிடிக்கிறது. ஆனால் டேப் வாயைத் திறக்காது, சண்டை போடாது. ஒரு கோடுகூடப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

உங்களை முதலில் பார்த்த நாட்களில் நான் மாத்திரை போடுவதையே நிறுத்தியிருந்தேன். பக்கவாதம் வந்து இடது கை செத்துக் கிடந்தது. இருபது வருஷத்துக்கு மேல் டாக்சி ஓட்டியவன், சுவா சூ காங் வீட்டிலிருந்து யாரோ ஓட்டும் வேனில் மறுவாழ்வு நிலையத்துக்கு வந்து இறங்குவேன். அங்கே போனால் படம் வரை என்கிறார்கள். நான் என்ன பாலர் பள்ளிப் பிள்ளையா என்று எரிச்சலாக வரும். இனி இருந்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் வாய்விட்டே சொல்லியிருந்தேன். மனைவி அழுதும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். நான் அசையவில்லை.

உங்களுக்குப் போனது வலது கை. செம்பவாங் கப்பல் பட்டறையில் ஆயுசெல்லாம் பெயின்ட் அடித்த கை. பேச்சு கொஞ்சம் குழறும், அதிகாரம் மட்டும் குழறாது. என் தாள் மேசையில் வழுக்கி வழுக்கிப் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்தீர்கள்.

“நான் பிடிச்சுக்கிறேன், நீ அடி. நம்ம ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆள் இருக்கான்லா.”

நோய் வந்த பிறகு அன்றுதான் நான் சிரித்தேன்.

கப்பல் வரையலாம் என்றீர்கள். நான் அதைக் கடலில் மிதக்கவிட்டேன். வந்ததே உங்களுக்குக் கோபம்! கப்பலைப் பழுதுபார்க்கத் தண்ணீரை வடித்துவிட்டு நிறுத்தியிருப்பார்களே, அப்படி நிற்க வேண்டுமாம். அடிப்பக்கச் சிவப்பு முழுசாகத் தெரிய வேண்டுமாம். மிதந்தால் அந்த இடம் யார் கண்ணிலும் படாது, ஆனால் அங்கே பெயின்ட் சரியில்லை என்றால் கப்பலே வீண் என்று அரை மணி நேரம் வாதாடினீர்கள். டாக்சிக்காரனுக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும், தோற்றுப்போனேன்.

நிலையத்தில் இருந்த சிவப்பும் உங்களுக்குப் பிடிக்கவில்லை. அது உதட்டுச் சாயமாம். சரியான சிவப்பைத் தேடி ஒரு சனிக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். ஆளுக்கொரு ஊன்றுகோல், பின்னால் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு மனைவிமார். பூசைச் சாமான் கடை வாசலில் குவித்திருந்த குங்குமத்தைப் பார்த்ததும், ஞாயிறு தவறாமல் மாதாகோவிலுக்குப் போகும் நீங்கள், இதுதான் நிறம் என்று நின்றுவிட்டீர்கள். சாமி சமாசாரம், வேண்டாம் என்றேன். கேட்டால்தானே? அடுத்த வியாழக்கிழமை வகுப்பில் அதைத் தண்ணீரில் குழைத்து அடித்தோம். காய்ந்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்து மேசையெல்லாம் சிவப்பு. வகுப்பே திரும்பிப் பார்த்தது. நீங்கள் முகத்தை மாற்றாமல் சொன்னீர்கள்: “அடியில பிரைமர் அடிக்கலைல்ல, அதான்.”

அன்று வீட்டுக்குப் போனதும் மாத்திரை டப்பாவை நானே கேட்டு வாங்கினேன். வாழ்வின் மேல் திடீரென்று ஆசை வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அந்தச் சிவப்பை எப்படிச் சரிசெய்வது என்று அடுத்த வாரம் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இடது கை இனிப் பெரிதாகத் திரும்பாது என்று டாக்டர் சொன்ன வாரம் அது. வியாழக்கிழமை காலை வேன் கீழே வந்து நின்றது. வரவில்லை என்று அனுப்பிவிட்டேன். படமாவது கிடமாவது என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். உங்களுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. திங்கட்கிழமை உங்களுக்குப் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. இரண்டு நாளில் போய்விட்டீர்கள்.

உங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பெட்டியில் கிடந்தீர்கள். அண்ணியின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம். அவர்களாகத்தான் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்கள். அந்த வியாழக்கிழமை, வகுப்பு முடியும்வரை நீங்கள் தாளைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தீர்களாம். வேறு ஆளை வைத்து வரையலாம் என்றதற்கு ஒப்புக்கொள்ளவில்லையாம். வீட்டுக்கு வந்து, “இன்னிக்கு அவனுக்கு முடியல போல. அடுத்த வாரம் வந்துருவான்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தீர்களாம். கோபமே இல்லையாம்.

நீங்கள் திட்டியிருந்தால் தேவலாம் அண்ணே. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அலுப்பாக இருக்கிறது. கை திரும்பவில்லை. கப்பலுக்கு மேலே வானம் இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது. பாதி நாட்கள் தூரிகையைத் தொடவே மனம் வருவதில்லை. ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் வேர்த்துவிடுகிறது. இவ்வளவு பாடுபட்டுப் போய்த்தான் ஆக வேண்டுமா என்று மனைவி கேட்கிறாள். அவளுக்கு நான் பதில் சொன்னதில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் சொன்ன அந்த அடுத்த வாரத்துக்குத்தான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.