இரு கையும் கூடிய நாளில் தரும் விடை

அம்மா,

இன்று காலை கோயிலிலிருந்து திரும்பியதும் வலது உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். மணம் எழுந்தவுடன், சிவகாசி ஆஸ்பத்திரியில் செவிலியராக நீங்கள் இதே எண்ணெய் தேய்த்து என் கையைப் பற்றி அமர்ந்திருந்த சன்னலோர பெஞ்சுக்கே போய்விட்டேன். எல்லாரும் உங்களை வாழ்த்தி வெளிநாட்டுக்கு வழியனுப்பி மாதங்கள் பல ஆகின்றன. நான் மட்டும் இன்றுதான் விடை தருகிறேன். தாமதத்துக்காக வருந்தி எழுதும் மடல் அன்று இது. வெற்றிச் செய்தி சொல்ல எழுதுவது.

ஏழாயிரம்பண்ணையில் நான் கணக்கெழுதிய பட்டாசுக் கம்பெனியின் உலர்த்தும் மேடையில் தீப்பற்றிய அன்று, ஓர் உயிருக்கும் ஊறு நேரவில்லை. இறைவன் என் வலக்கையை மட்டும் பதம் பார்த்தான். புண் ஆறியது. ஆறிய தோலோ சுருங்கி, விரல்களை உள்ளே இழுத்துக் கொக்கிபோல் வளைத்துவிட்டது. பேனா பிடிக்க இயலாமற் போனது எனக்குப் பெரிதன்று. கை பெற்ற பயன் தொழுதலே என்று சிறுவயது முதல் ஓதி வந்தவன் நான். சந்நிதியில் நின்றால் இடக்கை விரிந்து காத்திருக்கும். வலக்கை மடக்கிய முட்டியாகவே எழும். வழிபட வந்தவனைப்போல் அல்ல, இறைவனோடு வழக்குப் பேச வந்தவனைப்போல் நின்றேன்.

"விரல் விரியுமா அம்மா?" என்று உங்களிடம் கேட்டேன்.

"விரியும். நான் விரிப்பேன், நீங்க கத்துவீக," என்றீர்கள்.

கத்தத்தான் செய்தேன். விரலை நீங்கள் நிமிர்த்திப் பிடித்த கணமே கையைப் பிடுங்கிக்கொள்வேன். மல்லாங்கிணற்றுக் கரிசலில் கடலை பிடுங்கி வளர்ந்த கை உங்களுடையது. ஆயினும் நீங்கள் வலிமையைக் காட்டவில்லை. ஒரு வழி கண்டீர்கள். "பாட்டெல்லாம் மனப்பாடமா வச்சிருக்கீகளாமே. ஒரு பாட்டுப் பாடுங்க. பாட்டு முடிஞ்சதும் கையை விட்டுர்றேன்."

அன்று முதல் நான் கற்ற யாப்பெல்லாம் தப்பிக்கும் உபாயமாயிற்று. அகவலை ஒதுக்கினேன், விருத்தத்தை மறந்தேன். இரண்டடிப் பாக்களே நாவில் வந்தன. நீங்களும் சொன்ன சொல் தவறாமல் கையை விட்டீர்கள். காட்டிக்கொடுத்தவர், வேறொரு கம்பெனித் தீயில் வெந்த முழங்கையோடு பக்கத்தில் தம் முறைக்காகக் காத்திருந்த தாயில்பட்டிப் பெண்.

"ஏ சிஸ்டரு, அய்யா குட்டிக்குட்டிப் பாட்டாப் பாடி உங்களை ஏமாத்துறாக! எங்க ஊர்க் கோயில்ல வந்து பாடுனாகன்னா வச்ச பொங்கல் ஆறிப்போகும். அம்புட்டு நீளம்!"

நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "அப்படியா சேதி? எங்க, அந்தப் பொங்கல் ஆறுற பாட்டைப் பாடுங்க பாப்போம்."

பதிகம் ஒன்றைத் தொடங்கினேன். மூன்றாம் பாட்டில் குரல் உடைந்தது, கண்ணீர் வழிந்தது. நீங்கள் விடவில்லை. பாட்டுக்குப் பாட்டு ஈற்றடி ஒன்றே ஆகையால், அங்கே அமர்ந்திருந்த பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான் திணறிய இடத்தில் அவர்கள் எடுத்துப் பாடினார்கள். பட்டாசு மருந்தின் வெள்ளிநிறம் நகக்கண்ணை விட்டு நீங்காத கைகள் தாளம் போட்டன. மருத்துவர் எட்டிப் பார்த்து, "என்ன சிஸ்டர், இது வார்டா, பஜனை மடமா?" என்றார்.

"ரெண்டுந்தான் சார். பாட்டு முடியட்டும்," என்றீர்கள், திரும்பியும் பாராமல்.

எத்தனையோ சபைகளில் பாடியிருக்கிறேன். அந்தப் பெஞ்சில் பாடியதற்கு இணையாக ஒன்றும் இல்லை. தாயில்பட்டிப் பெண்ணின் முழங்கையை நீட்டும்போதும் நானே பாட வேண்டும் என்று விதி செய்தீர்கள். அவர் பல்லைக் கடித்தபடி, "அய்யா, வெரசாப் பாடுங்க!" என்பார். என் முறை வரும்போது அவரே, "நிறுத்தி நிதானமா!" என்பார்.

கை பாதி விரிந்த நிலையில் உங்களுக்கு வெளிநாட்டு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. பிரிவு நாளில் வார்டே லட்டும் பூவுமாய்த் திரண்டது. நீங்கள் என் முன் வந்து கைகூப்பினீர்கள். "ஐயா, கிளம்புறேன். வாழ்த்தி அனுப்புங்க."

என் வலக்கை எழுந்து, இடக்கையைச் சேராமல் நின்றது. "இன்று விடை தரமாட்டேன் அம்மா. இரு கையும் கூடட்டும், அன்று தருகிறேன்," என்றேன்.

"அப்ப சிஸ்டரு பிளேன்ல போயி இறங்குனப்புறம் டாட்டா காட்டுவீகளா?" என்று தாயில்பட்டிப் பெண் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் என் கையைப் பற்றி, வழக்கம்போல் விரல்களை ஒருமுறை நிமிர்த்திவிட்டுச் சொன்னீர்கள்: "லேட்டானாப் பரவாயில்ல. அரைக் கும்பிடு மட்டும் எனக்கு வேணாம்."

நீங்கள் போனபின் என் மனைவியிடம் கையை நீட்டினேன். நான் முகம் சுளிக்குமுன்பே அவள், "வலிக்குதா?" என்று விட்டுவிடுவாள். அன்பு உதவாத இடமும் உண்டு என்று அறிந்தேன். ஆதலால் கோயில் மண்டபத்துக் கல்தூணைத் துணைக்கொண்டேன். நாள்தோறும் அதில் உள்ளங்கையை ஊன்றி, உடல் எடையைச் சாய்த்து, பதிகம் முழுவதும் பாடினேன். "தூணு சாஞ்சிறப் போகுது, பாத்து," என்பாள் மனைவி.

இன்று காலை ஏழாம் பாட்டில், உள்ளங்கையின் நடுவில் ஒரு குளிர்ச்சி பட்டது. முதலில் விளங்கவில்லை. விரல்நுனியும் கைவிளிம்புமே இதுவரை அறிந்திருந்த கல்லை, கை நடுவும் தொட்டுவிட்டது! பாட்டை நிறுத்தவில்லை. கடைசி அடிவரை பாடி முடித்துச் சந்நிதிக்கு முன் நின்றேன். இடக்கை காத்திருந்தது. வலக்கை வந்து சேர்ந்தது. தலைக்கு மேல் கூப்பினேன். குருக்கள் தீபத்தை ஏந்தியபடி என்னையே பார்த்து நின்றார்.

இறைவனைத் தொழுதபின் தெருவாசலுக்கு வந்து, நீங்கள் கடல் கடந்து போன மேற்குத் திசை நோக்கிக் கூப்பிய கையோடு நின்றேன். கம்பெனி வேன் ஒன்று நின்றது. தாயில்பட்டிப் பெண் தலையை நீட்டினார்.

"யாருக்கு அய்யா கும்பிடு, எனக்கா?"

"சிஸ்டருக்கு அம்மா!"

"கையி சேர்ந்திருச்சா? ஏ, எல்லாரும் பாருங்களே!" என்று அவர் கூவ, வேனுக்குள் இருந்த பெண்கள் அத்தனை பேரும் குலவையிட்டார்கள். அந்த ஓசை உங்கள் திசைக்கு எட்டியிருக்கும் என்றே நம்புகிறேன்.

இம்மடலை மல்லாங்கிணற்றில் உங்கள் தகப்பனாரிடம் சேர்ப்பிக்கிறேன். அவர் கைபேசியில் உங்களுக்குப் படித்துக் காட்டுவார். புதிய நாட்டில் எவர் கையைப் பற்றினாலும் இதே உறுதியோடு பற்றுங்கள். உங்கள் பிடியில் அழுதவர் எல்லாரும் ஒருநாள் உங்களைத் தொழுவர்.

எனக்கோ ஒரு பழக்கம் தங்கிவிட்டது. பதிகத்தின் முதற்சொல்லை வாய் எடுத்தவுடனே, யாரும் பற்றாமலே, என் வலக்கை விரல்கள் ஒவ்வொன்றாய்த் தாமே விரிகின்றன.