பெரியம்மாவின் தபால்தலை போன விலை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல வந்ததையெல்லாம் தானே சுருக்கிச் சொல்லி முடித்துவிடுகிறார், அதனால்தான் கடிதம். அவருடைய முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, பஸ்ஸில் கிளட்சை மிதித்து மிதித்துத் தேய்ந்த கால் என்று டாக்டரிடமே பெருமை பேசுகிறார், டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் செய்வதில்லை. உன் தங்கைக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை வேலையாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், இனி அவளை எழுப்புவது என் தலையில் விழுந்திருக்கிறது. நான் வழக்கம்போல மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் வருகிறேன், பாதிப் பேர் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டே கண்ணாடியைக் காணோம் என்று வருகிறார்கள்.

இதையெல்லாம் எழுத நான் உட்காரவில்லை. உன் பெரியம்மாவின் தபால்தலை ஏலத்தில் போன விலை இதற்குள் உன் காதுக்கும் வந்திருக்கும், நம் சொந்தத்தில் யார் வாயிலும் எதுவும் நிற்காது. எனக்கு வயிறு எரிகிறதுப்பா. வெளியில் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பெற்ற பிள்ளையிடம் சொல்வதற்கென்ன. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே எல்லாம் ஒரு படி கூடத்தான், என்னைவிட நீளமான முடி, ஓடு வியாபாரம் செய்யும் புருஷன், மாடி வைத்த வீடு. இந்த வயதிலும் அவள் வாயில் இருப்பதெல்லாம் சொந்தப் பல். அதையெல்லாம் நான் எப்போதோ விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். தபால்தலை என்று வந்தபோது விட முடியவில்லை, ஏனென்றால் அது என்னுடையது.

என்னுடையது என்று எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பாய். உன் தாத்தா கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தார் என்று உனக்குத் தெரியும். எங்கெங்கோ இருக்கிற துறைமுகங்களிலிருந்து அங்கே கடிதம் வரும், அலமாரி அலமாரியாகப் பழைய உறைகளும் கிடக்கும், குப்பைக்குப் போகிறவற்றைக் கேட்டு வாங்கி மூலையை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அவற்றை மிதக்கவிடுவோம், பசை இளகித் தபால்தலை தானாகக் கழன்று வரும், அதைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துக் காயவிடுவோம். இடுக்கி பிடிக்க எனக்கு மட்டும்தான் கற்றுக்கொடுத்தார். விரல் படக் கூடாது, ஓரத்துப் பல் ஒன்று போனாலும் மதிப்புப் போச்சு என்பார். எந்த நாடு, எந்த வருஷம், எந்த ராஜா தலை என்று நான் கடகடவென்று சொல்வேன், அக்காவுக்கு அதில் தலையும் தெரியாது வாலும் தெரியாது. ஆனால் தாத்தா போன பிறகு சாமான்களைப் பிரித்தபோது மூத்தவள் என்று அவளைத்தான் முதலில் கேட்டார்கள், அவள் மூச்சுக்கூட விடாமல் "ஆல்பம் எனக்கு" என்றாள். எனக்குச் சுவர்க் கடிகாரமும் எழுதுகிற மேஜையும் வந்தன. பரவாயில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அதற்கப்புறம் அவள் வீட்டுக்குப் போனபோதெல்லாம் அந்த ஆல்பம் பீரோவின் மேல், ஒரு பெட்டிக்கு அடியில் நசுங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். ஒரு தடவைகூட இறக்கித் தா என்று கேட்டதில்லை. கேட்டால் நான் ஆசைப்படுவது அவளுக்குத் தெரிந்துவிடுமே.

போன மாதம் அவள் வீட்டுக்கு வந்திருந்த மருமகன் பொழுது போகாமல் அந்த ஆல்பத்தைப் படம் பிடித்து ஓர் ஏலக் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார். அவர்கள் ஒரே ஒரு தபால்தலையைக் குறிப்பிட்டு உடனே கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். ஒரு குட்டித் தீவுடையது, போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சடித்தது, நடுவில் பாய்மரக் கப்பல். தபால் கட்டணத்தை மாற்றியபோது புதிதாக அச்சடிக்காமல் பழையதன் மேலேயே புது விலையை அச்சுக்குத்தியிருக்கிறார்கள், அதில் ஒரு தாள் மட்டும் தலைகீழாக மாட்டிக்கொண்டு விலை தலைகீழாக விழுந்துவிட்டதாம். அதில் இன்றைக்கு மிஞ்சியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும் என்றார்கள். அது எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு நான் சொல்வேன். அக்கா எனக்குப் போன் செய்து, "எனக்கு இதுல ஒண்ணும் புரியாது, நீதான் கூட வரணும்" என்றாள். வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். இருப்பதில் நல்லதாக உடுத்திக்கொண்டு போனேன்.

ஏலக் கூடம் ஒன்றும் பெரிய மாளிகை இல்லை, பல் டாக்டர் வீட்டில் காத்திருக்கப் போடுகிற மாதிரி நாற்காலிகள், முன்னால் ஒரு திரை, பக்கவாட்டில், நேரில் வராதவர்களுக்காகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். ஏலம் விடுகிற அம்மாளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. யாரும் கூவவில்லை, பென்சிலைக் கொஞ்சம் தூக்கினாலே கணக்கு. எங்களுக்கு முன்னால் அழகான ஒரு முழுத் தொகுதி வந்தது, நிறம் அப்படியே நேற்று அச்சடித்த மாதிரி, அதைச் சீண்ட ஆள் இல்லை. அதே காலத்துத் தபால்தலை ஒன்று, பின்பக்கம் லேசாகக் காகிதம் உரிந்திருந்தது, அதற்காகவே பத்தில் ஒரு பங்குக்குப் போனது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு கெட்ட நம்பிக்கை வந்தது. நம்முடையதைத் திரையில் போட்டபோது ஒரு பென்சில்கூட எழும்பக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன், பக்கத்தில் கூடப்பிறந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், நான் இப்படி வேண்டுகிறேன். முன்வரிசையில் ஒரு வழுக்கைத் தலைக்காரரும் போனில் யாரோ ஒருவரும் மாறி மாறி ஏற்றிக்கொண்டே போனார்கள். "இது ஏறுதா இறங்குதா" என்று அக்கா என் காதில் கேட்டாள். ஏறுகிறது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும். கம்பெனிக்காரர்கள் நினைத்ததைப்போல மூன்று மடங்கு வந்ததும் வழுக்கைத் தலைக்காரர் பென்சிலை மடியில் போட்டுவிட்டார், சுத்தியல் விழுந்தது. நாம் இந்த வீட்டை வாங்கக் கொடுத்ததைவிட அதிகம். அக்கா என்னைப் பார்த்து, "முடிஞ்சுதா? வா, டீ குடிக்கலாம்" என்றாள். அவள் குதித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

டீ குடிக்கும்போதுதான் பையிலிருந்து ஆல்பத்தை எடுத்து என் பக்கம் தள்ளினாள். "மிச்சமெல்லாம் சாதாரணம்னு சொல்லிட்டாங்க. நீ வச்சுக்கோ, உனக்குத்தானே இதெல்லாம் பிடிக்கும்" என்றாள். முள்ளை எடுத்துவிட்டுத் தருகிற மாதிரி நல்லதை எடுத்துவிட்டுத் தருகிறாளே என்று தோன்றியது. ஆனாலும் கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கடையிலிருந்து வந்ததும் மேஜையில் வைத்துத் திறந்தேன். அந்தக் கப்பல் இருந்த இடம் வெளுத்துப்போய் ஒரு கட்டமாகத் தெரிந்தது, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே பக்கத்தில் அதே தீவுடைய இன்னொன்று, பழுப்பு நிறம், எந்தக் கடையிலும் சில்லறைக்குக் கிடைக்கிற வகை. உன் தாத்தா ஒவ்வொன்றையும் பின்பக்கம் பார்க்காமல் விடக் கூடாது என்பார், பழக்கத்தில் அதைக் கறுப்புத் தட்டில் கவிழ்த்து, ஓரமாக ஈரப்படுத்திப் பார்த்தேன். அந்தக் காலத்துத் தபால்தலைக் காகிதத்துக்கு உள்ளே ஒரு குறி இருக்கும், முன்னால் தெரியாது, பின்பக்கம் நனைந்தால் தெரியும். இதற்கு நங்கூரம். அது நேராக நிற்க வேண்டும், என் கண்முன்னால் அது படுத்துக்கிடந்தது. காகிதத்தைக் குறுக்காக வைத்து அச்சடித்துவிட்டார்கள். காயவைத்து ஒரு கண்ணாடி உறைக்குள் போட்டேன். அடுத்த நாள் அதே கம்பெனிக்கு எடுத்துப்போய்க் காட்டினேன், அவர்கள் பார்த்துவிட்டு இதே மாதிரி ஒன்று சில வருஷத்துக்கு முன்னால் ஏலத்தில் போன விலையைச் சொன்னார்கள். அது அக்காவுக்கு வந்ததைவிட அதிகம்.

உன் அப்பா விஷயத்தைக் கேட்டதும், "குடுத்தது குடுத்ததுதான். நீயாப் போய்ச் சொன்னா உன்னை மாதிரி அசடு கிடையாது" என்றார். உன் தங்கை, "பெரியம்மா தெரியாமத்தானேம்மா குடுத்தாங்க" என்றாள். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அன்று சாயந்திரமே அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். நேர்மை என்று நினைத்துக்கொள்ளாதே, உன் தங்கை அப்படித்தான் நினைத்து என்னைக் கட்டிக்கொண்டாள், நானும் மறுக்கவில்லை. உண்மையில் அக்கா முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். தன் கையில் இருந்தது என்னவென்று தெரியாமல் தூக்கிக் கொடுத்தவள், அதைக் கண்டுபிடிக்க நான்தான் வேண்டியிருந்தது என்று தெரிந்துகொண்டு ஒரு நாளாவது தூங்காமல் புரளட்டும் என்று இருந்தது எனக்கு.

அவள் சமையலறை மேஜையில் அதை வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன், நங்கூரம், காகிதம், விலை. விலையைக் கொஞ்சம் மெதுவாகவே சொன்னேன். அவள் தபால்தலையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் எதுக்கு இந்த ஆல்பத்தைக் கேட்டேன் தெரியுமா" என்றாள். தெரியாது என்றேன். "நீ கேக்கப் போறேன்னு தெரியும். அதுக்குத்தான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "ஞாயித்துக்கிழமை நீயும் அப்பாவும் தட்டுக்கு முன்னாடி தலையோட தலை முட்ட உக்காந்திருப்பீங்க. நான் வாசப்படில வந்து நிப்பேன். அப்பா நிமிர்ந்து பாப்பாரு. காத்து வருதும்மா, எல்லாம் பறந்துரும், கதவைச் சாத்துன்னு சொல்வாரு. நான் சாத்துவேன். வெளிப்பக்கமா இருந்து." அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அந்தக் கதவு ஞாபகம் இருக்கிறது, சாத்திய சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது, சாத்தியது யார் என்று ஒருநாளும் நினைத்ததே இல்லை.

அழுகை வந்திருக்க வேண்டும், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், முதலில் வந்தது சந்தோஷம். மாடி வீட்டுக்காரி இத்தனை வருஷம் என்னைப் பார்த்து வெந்திருக்கிறாள் என்று உள்ளுக்குள் இனித்தது. அந்த இனிப்பு அவள் வீட்டுப் படி இறங்கும் வரைக்கும்கூட நிற்கவில்லை. தபால்தலையை அவள் பக்கம் தள்ளினேன், அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதைத் திரும்ப என் பக்கமே தள்ளினாள், நல்லவேளை, விரலால் தொடாமல் உறையோடு. "குடுத்ததைத் திருப்பி வாங்குற பழக்கம் எனக்கில்ல. வித்தாலும் சரி, வச்சுக்கிட்டாலும் சரி" என்றாள். பெருந்தன்மையிலும் அவளே முந்திக்கொண்டாள் பார்த்தாயா. பஸ்ஸில் வரும்போது அதற்கும் சேர்த்து எரிந்தது.

நான் அதை விற்கவில்லை. உன் அப்பா தினமும் ஒரு தடவை விலையைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை வா என்று அக்காவைக் கூப்பிட்டேன், வருவாளா என்று சந்தேகமாகத்தான் இருந்தது, வந்தாள். தட்டில் தண்ணீர் வைத்து, கடைக்கு வந்த பழைய உறைகள் கொஞ்சம் வெட்டிப் போட்டேன். அவளுக்கு இடுக்கி பிடிக்கத் தெரியவில்லை, முதல் தபால்தலையையே கிழித்துவிட்டாள், நான் கத்திவிட்டேன், "அப்பாவும் உன்கிட்ட இப்படித்தான் கத்துவாரா" என்று கேட்டாள். என்னிடம் அவர் ஒரு நாளும் கத்தியதில்லை என்பதைச் சொல்லாமல் விட்டேன்.

உனக்கு இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், அப்பா தங்கைக்கு மட்டும் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தார் என்று நீ போன தடவை வந்தபோது விளையாட்டாகச் சொன்னாய். நான் அப்போது சிரித்துவிட்டேன். இப்போது அது விளையாட்டு மாதிரித் தெரியவில்லை. மனசில் இருந்தால் அவரிடமே கேட்டுவிடு, அவர் உயிரோடு சௌக்கியமாகக் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். இந்த வீட்டில் உனக்கு எது வேண்டும் என்பதையும் வெட்கப்படாமல் எழுது. தங்கைக்கு எது வேண்டும் என்று பார்த்து அதைக் கேட்காதே.

நேற்று அக்கா இரண்டாம் தடவையாக வந்தாள். ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள், கண்ணாடி இல்லாமலே. எனக்கே தெரியாத ஒரு ஓரக் கிழிசலை அவள் கண்டுபிடித்துச் சொன்னாள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கிளம்பும்போது ஆல்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஒரு வாரம் நான் வீட்ல வச்சிருந்து பாத்துட்டுத் தரட்டுமா" என்று கேட்டாள். முடியாது என்றேன். பார்க்க வேண்டுமென்றால் இங்கே வந்து பார் என்றேன். அவள் ஆல்பத்தை மேஜையில் வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டாள்.

நீயும் மருமகளும் குறைவில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், உங்கள் கையால் தொடங்குவதெல்லாம் நல்லபடி நடக்க வேண்டும். சரக்குக் கிடங்கில் கனமானதைத் தூக்கும்போது இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொள். பதில் எழுதும்போது உறைமேல் மிஷின் முத்திரை வேண்டாம், தபால்தலை ஒட்டி அனுப்பு, முடிந்தால் ஒரே மாதிரி இரண்டு.

என்றும் உன் நலம் நினைக்கும்
அம்மா