பத்தாவது மாணவி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இருமல்கூட விட்டுவிட்டது, கவலை வேண்டாம்.

எங்கள் பள்ளியில் உயிர்த்தொழில்நுட்ப வகுப்பைத் தொடங்கிவிட்டேன். பத்துப் பேர் சேராவிட்டால் மூடிவிடலாம் என்றார் தலைமையாசிரியை. வந்ததோ ஒன்பது பேர். கருவிகளும் வந்தபாடில்லை. வாழைப்பழத்தை மசித்து, உப்பும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து வடிகட்டி, குளிர்ந்த ஸ்பிரிட்டை ஊற்றினோம். டிஎன்ஏ வெள்ளை நூலாகத் திரண்டு வந்தது. சோப்பு கொடுத்த சமையல்கார அக்கா வாசலிலேயே நின்று பார்த்தார்.

"என் பொண்ணும் இதப் படிக்கணும் டீச்சர்" என்றவர், மறுநாளே மகளைக் கையோடு கூட்டி வந்து சேர்த்துவிட்டார். வகுப்பு பிழைத்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வடிகட்ட மெல்லிய துணி வேண்டும். உங்கள் பழைய சேலை ஒன்றை அனுப்புங்கள். துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

மணி அடித்துவிட்டது.

உங்கள் சின்னவள்