கப்பல் திரும்பும்வரை

முனிகியோன் மாதம், வளர்பிறை ஏழு

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, அபராதம் கட்டாமல் இதே அறையில் விலங்கோடு கிடக்கும் ஃபைதிமோஸ் பானை ஓட்டுச் சில்லில் கீறுகிறான். இன்று டெலோஸ் தீவுக்குக் கோயில் கப்பல் புறப்பட்டது. அது திரும்பும்வரை ஏதென்ஸில் யாரையும் கொல்லக் கூடாது, என்னையும். காற்றே, எதிர்த்து வீசு.

வளர்பிறை பத்து

தூக்கமில்லை. அப்படி என்ன செய்தேன்? படையெடுப்பில் எரிந்த வெறும் கரிக்கட்டை என்று நினைத்து, உழும்போது ஓர் ஒலிவ அடிமரத்தைப் பிடுங்கிப் போட்டேன். அது அதீனா அம்மனின் மரமாம். சபையில் சொன்னேன், யார் கேட்டார்கள்? தீர்ப்பு, நஞ்சுக் கோப்பை. அடுப்புக்குக்கூட ஆகாத கட்டை, அம்மா!

பௌர்ணமி

மகன் திமாந்தெஸ் வந்தான். "அப்பா, காவக்காரன் மானெஸைச் சரிக்கட்டியாச்சு. ஒருநாள் மத்தியானம் ஒங்க விலங்கைக் கழட்டிட்டு, கதவச் சாத்தாம சாப்பிடப் போவான். எல்லை தாண்டி மெகாராவுக்குப் போகக் கழுதை தயார்."

"சட்டம்னு ஒண்ணு இருக்கேப்பா?"

"நீங்க செத்தா சட்டமா வந்து ஒங்களப் பொதைக்கும்?"

சிரித்துவிட்டேன். பயத்திலும் சிரிப்பு வருகிறது.

தேய்பிறை நான்கு

நடுவராக உட்கார்ந்த காலம் அப்படியே கண்ணில் நிற்கிறது. எலுசிஸ் ஊர்க் குயவன் லாம்பிஸ், இடது கன்னத்தில் தழும்பு. "தெரியாம நடந்துபோச்சுய்யா" என்று அழுதான். சட்டப்படி சாவு என்று வாக்குப் போட்டேன். அவன் ஓடியிருந்தால் துரத்தச் சொல்லியிருப்பேன்.

எனக்குக் குடுத்த தீர்ப்பு தப்பு. சத்தியமாத் தப்பு. ஆனா தப்பான தீர்ப்புன்னு அவனவன் கெளம்பிப் போயிட்டா, சரியான தீர்ப்புக்கு எவன் நிப்பான்? இது புத்தி பேசுதா, மெகாராவுல அநாதையாச் சாகப் பயந்து பேசுதா?

தேய்பிறை எட்டு

கப்பல் சூனியோன் முனை தாண்டிவிட்டதாம், நாளை துறை சேருமாம். மத்தியானம் மானெஸ் என் விலங்கைக் கழற்றிவிட்டுப் போனான். கதவு திறந்து கிடந்தது.

"போய்த் தொலையும்யா!" என்றான் ஃபைதிமோஸ்.

கால் தானாக வாசல்வரை போயிற்று. வெயில் முகத்தில் அடித்தது. இன்னும் ஓர் எட்டு—

"ஏலே மானெஸ்! வந்து கதவப் பூட்டுலே!"

வாயில் ரொட்டியோடு ஓடி வந்தான். "பெரியவரே, எல்லாரும் தொறக்கச் சொல்லித்தான் கெஞ்சுவாங்க. ஒமக்கென்ன கிறுக்கா?"

"பூட்டுலே. இல்லேன்னா போயிருவேன்."

தேய்பிறை ஒன்பது

கப்பல் வந்துவிட்டது. கதவை இழுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் பூட்டியிருக்கிறான்.

மறுபடியும் இழுத்துப் பார்த்தேன்.