உயிரோடிருந்தபோது என்ன நிறம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

அண்டார்டிகா கடலடியிலிருந்து வந்த அந்த ஓடில்லாத நத்தையை இன்று வெட்டினேன். கட்டைவிரல் நகமளவு உடல். எங்கள் ஆய்வகத்தில் இருந்தது அது ஒன்றுதான். பல்லைப் பார்க்காமல் புது இனம் என்று சொல்ல முடியாது. வெட்டாமல் பல்லைப் பார்க்க முடியாது.

மைக்ரோஸ்கோப்பில் பற்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன, ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் சீப்பு. இப்படிப் பல் உள்ள நத்தையை இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை.

வேலை முடிந்து வாஷியில் ரயிலேறியபோது உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் அது தெரியும். எதிரே நின்றவள் என் சீட்டுக்காக, "கஹாங் உதரோகி?" என்று, எங்கே இறங்குவேன் என இந்தியில் கேட்டாள். செம்பூர் என்றேன். வேறென்ன சொல்வது?

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"நத்தைக்குப் பல்லா! உயிரோட இருக்கறச்சே என்ன கலர்டி அது?"

தெரியாது. கப்பலில் இருந்தவர்கள் வலையில் வந்ததைச் சேற்றோடு அள்ளி அப்படியே ஸ்பிரிட்டில் போட்டுவிட்டார்கள். ஸ்பிரிட்டில் எல்லாம் வெளுத்துவிடும். கட்டுரையில் நிறம் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்றுதான் எழுத வேண்டும்.

"போறது போ. அதுக்காவது தெரிஞ்சிருக்கும்" என்றாள் அம்மா.

அதற்கும் தெரிந்திருக்காது. அதன் கண்ணால் வெளிச்சத்தையும் இருட்டையும் மட்டும்தான் பிரித்தறிய முடியும். அந்த ஆழத்தில் வெளிச்சமே கிடையாது.

அதன் கூட்டம் அங்கே இன்னும் இருக்கும். யாரும் ஒரு தடவைகூடப் பார்க்காத ஒரு நிறம், நான் இதை எழுதும் இந்த நிமிஷமும், பனிக்கு அடியில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும்.