நாலு மணிப் பாட்டு

ஜூன் 3

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

இது என் கையாலேயே எழுதியது. ஆயுள் முழுக்கச் சுவருக்கு வெள்ளையடித்த கை. மாலைப் பள்ளியில் சேர்ந்து இப்போதுதான் காகிதத்தைக் கறுப்பாக்கக் கற்றிருக்கிறது. ஒரு வரி முடிவதற்குள் ஒரு டீ ஆறிவிடுகிறது.

சந்தோஷத்தை முதலில் சொல்லிவிட்டேன். இனி மற்றது. மகள் பெட்டியோடு வந்திருக்கிறாள். "இனிமே அந்த வீட்டுப் படிய மிதிக்க மாட்டேம்ப்பா" என்கிறாள். அங்கே மாப்பிள்ளை என்ன சொல்கிறார்?

நீங்கள் சொன்ன நாலு மணிப் பாட்டை ரேடியோவில் கேட்கிறேன். அதென்ன, எல்லோரும் நேரம் தப்பியே காதலிக்கிறார்கள்? ஒருத்தன் அவளுடைய கல்யாணத்தன்று வந்து நிற்கிறான். ஒருத்தி ரயில் கிளம்பிய பிறகு ஓடி வருகிறாள். ஒருத்தர் வீட்டிலும் கடிகாரம் கிடையாதா?

இப்படிக்கு,
பெயிண்டர்

ஜூன் 9

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் வரிகள் எல்லாம் ஏணி மாதிரி மேலே ஏறுகின்றன. வாய்விட்டுச் சிரித்தேன். அவர் போன பிறகு இந்த வீட்டில் இப்படிச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

மகன் சிரிக்கவில்லை. "அவளே கூப்பிடட்டும்" என்று போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வக்கீலைப் பார்க்கப் போகிறானாம்.

கல்யாணத்தன்று வந்து நிற்பவனின் பாட்டு நேற்றும் வந்தது. ரேடியோவை அணைத்தேன். அப்புறம் மறுபடியும் போட்டேன்.

சம்பந்தி அம்மா

ஜூன் 16

சம்பந்தி அம்மாவுக்கு,

மகளும் கையெழுத்துப் போடத் தயார் என்கிறாள்.

அவர்கள் பிரிந்துவிட்டால் நீங்கள் எனக்குச் சம்பந்தி இல்லை. நான் உங்களுக்கு யாரோ. என் மனைவியும் போய்விட்டாள், உங்கள் வீட்டுக்காரரும் போய்விட்டார். யாரோ ஒருவன் யாரோ ஒருத்தியைப் பார்க்க வந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? சுவரைத் தேய்த்துக்கொண்டே இதை நினைத்தேன். ஒரு நிமிடம் மனசு பறந்தது. அப்போது உள்ளே, குழாயைத் திறந்துவிட்டு மகள் அழுகிற சத்தம் கேட்டது. தலையில் அடித்துக்கொண்டேன்.

பாட்டில் வருகிறவன் அவளுடைய கல்யாணத்தன்று வந்தான். நான் உங்களை முதலில் பார்த்ததோ நம் பிள்ளைகளின் கல்யாணத்தன்று. மாப்பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி, பல்லில் நூலோடு, ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தீர்கள். எழுதத் தெரியாதவரை இதையெல்லாம் சொல்கிற தொல்லை இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மகளின் அறையில் மேற்கூரைக்குப் பெயிண்ட் பூச வேண்டும், என் முழங்காலுக்கு ஏணி ஆகாது என்று சொல்லுங்கள். அவர் மேலே ஏறட்டும், இவள் கீழே பிடிக்கட்டும். ஏணியைப் பிடிக்கிறவளோடு ஒருத்தன் எவ்வளவு நேரம் பேசாமல் நிற்க முடியும்?

பெயிண்டர்

ஜூன் 24

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் சமையலறையில் நாம் இருவரும் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"ஆட்டாத, விழுந்துருவேன்!"

"விழு, யாரு வேணாம்னா?"

அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். சந்தோஷத்தில்தான். உடனே விட்டுவிட்டீர்கள்.

மூவரும் ஒரே பஸ்ஸில் வீடு வந்தோம். மருமகள் தலைமுடியில் பெயிண்டோடு அவன் தோளில் தூங்கினாள். இனி நாம் கண்மூடுகிறவரை சம்பந்திகள்தான். அதுதான் சரி. எனக்கு வேறு பேர் வைத்து எழுதாதீர்கள்.

ஒன்று மட்டும். மனசு பறந்த அந்த ஒரு நிமிடம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல.

சம்பந்தி அம்மா

ஜூன் 30

சம்பந்தி அம்மாவுக்கு,

மேற்கூரை மூலையில் ஒரு கை அகலம் பூசாமல் விட்டிருக்கிறார் மாப்பிள்ளை. வேறு யாராவது என்றால் திட்டியே தீர்த்திருப்பேன். இதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். படுத்துக்கொண்டு பார்த்தால் மேகம் மாதிரி இருக்கிறது. கொஞ்சம் நகர்கிறதோ என்றுகூடத் தோன்றுகிறது.

உங்கள் பேரை மாற்ற மாட்டேன். 'சம்பந்தி அம்மா' என்று எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது. நல்லதுதான்.

நாளைக்கு நாலு மணிக்கு ரேடியோவைப் போடுங்கள். நானும் போடுவேன். பாட்டாவது இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வருகிறதே.

பெயிண்டர்