மலைப் பக்கத்துப் படிக்கட்டு

அண்ணி,

இன்று காலை சுரங்க ரயிலிலிருந்து இறங்கியபோது, கையில் ஸ்கேன் பையோடு ஒரு பெரியவர் பிளாட்பாரத்தில் திகைத்து நின்றுகொண்டிருந்தார். காவலுக்கு நின்ற பெண் அவரிடம், “ஆஸ்பத்திரிக்காங்க? கடல் படம் இருக்குற படியில ஏறுங்க. மலைப் படியில ஏறினா மார்க்கெட்டுக்குப் போயிடுவீங்க” என்றாள். அவர் சுவரை ஒருமுறை பார்த்தார். தலையாட்டிவிட்டு நடந்தார். ஏறிப் போகிறவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதை உடனே உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

கல்கத்தா ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த நீங்கள், அண்ணனைக் கட்டிக்கொண்டு நைனார்பாளையத்துக்கு வந்தீர்கள். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். வந்த புதிதில் ஒருநாள், அங்கே மண்ணுக்கடியில் ரயில் ஓடுகிறது என்று சொன்னீர்கள். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இன்னாம்மா சொல்ற, கெணத்துக்குள்ளயா ரயிலு வுடறாங்க?”

“நிஜமாத்தான் அத்த. செவுத்துல படமெல்லாம் போட்டிருக்காங்க.”

இருட்டுக்குள் படம் எதற்கு என்று நான் கேட்டேன். உங்கள் அம்மாவுக்கு எந்த மொழியிலும் எழுத்து தெரியாது என்றீர்கள். “ஆனா செவுத்துப் படத்தப் பாத்து சரியா எறங்கிடுவாங்க. யாரையும் கேக்க மாட்டாங்க.” கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் அப்படியொரு பெருமை. அன்று இரவே நான் நோட்டின் பின்பக்கத்தில், பார்த்தேயிராத ஒரு நிலையத்தை வரைந்தேன்.

கட்டடக்கலை படிப்பு என்று ஒன்று உண்டு, அதற்குச் சென்னையில் வரைதல் தேர்வு வைக்கிறார்கள் என்று விசாரித்து வந்ததும் நீங்கள்தான். தேர்வு நெருங்கியபோதுதான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கம் மூண்டது. சாலைக்குக் குறுக்கே புளிய மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, ரயில் இல்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போன கரும்பு வண்டிகள்கூட வழியில் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள்.

“அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்றார் அப்பா. “வயசுப் பொண்ண இந்த நேரத்துல ரோட்டுல வுட முடியுமா?”

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “நான் கூட்டிக்கினு போறேன் மாமா” என்றீர்கள். எங்கள் ஊர்ப் பேச்சு உங்கள் வாயில் அவ்வளவு இயல்பாக வந்ததை அன்றுதான் கவனித்தேன். அண்ணன் எழுந்து போய் சைக்கிளுக்குக் காற்றடித்தான்.

நீங்கள் மிதித்தீர்கள். நான் வரைபலகையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். உளுந்தூர்பேட்டை சாலையில் ஒரு பெரிய மரம் கிடந்தது. அதன்மேல் இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்கம்மா போறீங்க? ஒண்ணும் ஓடல” என்றார் ஒருவர்.

“பரீட்சைக்குங்க. இந்தப் பொண்ணுக்குக் காலேஜ் சீட்டுக்காக.”

அவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். “நாங்களும் அதுக்குத்தாம்மா இங்க குந்திக்கினு இருக்கோம்” என்றார். பிறகு திரும்பி, “டேய், சைக்கிளத் தூக்குங்கடா” என்று குரல் கொடுத்தார். சைக்கிள் மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது. நாம் மரத்தில் ஏறிக் கடக்கக் கை கொடுத்தார்கள். “நல்லா எழுதும்மா” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்த முகங்கள் எனக்கு மறந்துவிட்டன. குரல் மறக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் உளுந்தூர்பேட்டை சேர்ந்தோம். அங்கிருந்து போலீஸ் காவலோடு போன ஒரு லாரியில் சென்னை. எனக்கு இடம் கிடைத்தது.

பல வருடங்கள் கழித்து, நான் இன்று இறங்கிய இந்தச் சென்னை நிலையத்தின் வடிவமைப்புக் குழுவில் சேர்ந்தேன். எல்லா நிலையச் சுவர்களுக்கும் ஒரே சாம்பல் நிறக் கல் போதும், துடைக்கச் சுலபம் என்று பேச்சு வந்தது. அதில் நியாயமும் இருந்தது. நான் எழுந்து உங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். மேலே இருக்கும்வரை வெயிலும் கோபுரமும் மரமும் வழிகாட்டும், கீழே இறங்கியவருக்கு நாம்தான் திசை தர வேண்டும் என்றேன். தலைமைப் பொறியாளர் சற்று யோசித்துவிட்டு, “இந்த ஒரு நிலையத்துல செஞ்சு பாருங்க” என்றார். கிழக்குப் படிச் சுவருக்குக் கடல் உடனே தோன்றிவிட்டது. மேற்கே என்ன என்று யோசித்தபோது, நம் மொட்டை மாடியில் துணி காயவைத்தபடி நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது: “இந்த ஊர்ல எனக்கு எல்லாத் தெருவும் ஒண்ணாத்தான் தெரியுது. கல்வராயன் மல எந்தப் பக்கம்னு பாத்துதான் வூட்டுக்கு வரேன்.” அந்த மலையைத்தான் நீலமும் பச்சையுமான ஓடுகளில் வைத்தேன்.

சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்திருந்தபோது, வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். அப்போது அது வெறும் பள்ளம். மஞ்சள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தீர்கள். “இவ்ளோ ஆழமா? ஆஸ்பத்திரிக்கு வரவங்க ஏறணுமே. என்ன மாதிரி ஆளுக்கு மூச்சு வாங்கும்டி” என்றீர்கள். லிஃப்ட் உண்டு அண்ணி என்றேன். “அது நின்னுபோனா?” என்றீர்கள், சிரித்துக்கொண்டே.

நிலையம் திறக்கும்போது நீங்கள் இல்லை.

இப்போது எந்த ஊருக்கு எந்தப் படிக்கட்டை வரைந்தாலும், காகிதத்தில் முதலில் உங்களைத்தான் ஏற விடுகிறேன். புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி ஏறுகிறீர்கள். பாதியில் நின்று சுவரில் கை ஊன்றுகிறீர்கள். அந்த இடத்தில் அகலமாக ஒரு தளம் வைத்து, உட்கார ஒரு கல் போட்டு, அதற்குப் பிறகுதான் மேலே வரைகிறேன்.